கைத்துணை

…ஆனால் பூசாரி ஆதிமூலம் யாரும் இல்லை என்றுதானே சொன்னான், அம்மனைத் தவிர உள்ளே யாரும் இல்லீங்க என்று, பெட்டிக்காரர் கலீல் ரஹ்மான் திருப்பிக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான், நானும் பக்கத்தில் நின்று பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன், இப்போது அந்த ஒரு வாக்கியம் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு எத்தனை தள்ளினாலும் வரமாட்டேன் என்கிறது… தேரடிப் பக்கத்து எக்ஸ்ரே கடை இது, கடை என்றால் டாக்டருக்குக் கோபம் வரும், நெஞ்சைக் கொடுத்தால் படம் தருகிற இடத்தை வேறு என்னவென்று சொல்வது, பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரி காசியம்மாளும், அவள் மடியில் வேர்க்கடலைப் பொட்டலம், பச்சைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருட்டறையில் எங்கள் ஊர்ப் பூங்காவனத்தம்மனின் இடது கை ஒரு கிளிப்பில் தொங்கி ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது. கை என்றால் கையின் படம், காலையில் எங்கள் ஊரில் எடுத்து இங்கே கழுவக் கொண்டுவந்தது. பக்கத்தில் ஊர்க்காரர்களின் நெஞ்சுகளும் தொங்குகின்றனவாம், இருமல் நெஞ்சு, பீடி நெஞ்சு, யாரோ ஒரு மேஸ்திரியின் முழங்கால், நடுவில் அம்மன். ஈரத்தோடு தொட்டால் உரிந்துவிடும், காயட்டும் என்று சொல்லிவிட்டு மெட்ராஸ் மியூசியத்து அதிகாரி சக்கரபாணி மூலையில் பேப்பர் படிக்கிறார், ஒரே பக்கத்தை. காய்ந்தால் தெரிந்துவிடும். அம்மன் கதி தெரிந்துவிடும், அதோடு இன்னொன்றும் தெரிந்துவிடும், அந்த இன்னொன்றை நினைக்கக் கூடாது என்றுதான் சுவரில் எண்பத்திரண்டாம் வருஷத்துக் காலண்டரைப் பார்க்கிறேன், காலண்டரிலும் அண்ணாமலைதான், இந்த ஊரில் எந்தப் பக்கம் கண்ணைத் திருப்பினாலும் அது வந்து நின்றுகொள்கிறது.

நான் பொய் சொல்கிறவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, அது பொய். என் மாமா ஒருத்தர் கீழ்பென்னாத்தூரில் முதன்முதலாக ரேடியோ வாங்கினார், மரத்து உச்சிவரை வயர் இழுத்துக் கட்டினார், வயர் நீளம் ஜாஸ்தியாகிவிட்டதால் அதில் நேற்றைய செய்திதான் வந்து சேரும், நடந்ததைத்தான் சொல்கிறேன், அதற்கு நான் என்ன செய்ய. மாமாவின் காளை பௌர்ணமிக்குப் பௌர்ணமி கட்டுத்தறியை அவிழ்த்துக்கொண்டு தானே மலையைச் சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து நிற்கும், அன்றைக்கு உப்புப் போட்ட தவிட்டைத் தொடாது. இதையெல்லாம் சொல்லும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும், கதை வுடாத என்று. காசியின் குரல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையும் அவள் நம்பினதில்லை, வெளியே மழை பெய்கிறது என்றாலும் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். எனக்கும் அந்தக் குரல் இல்லாமல் கதை முடியாது, வண்டிக்கு அச்சாணி மாதிரி… அதனால்தான் காலையில் தெரிந்தது. படம் எடுக்கும்போது கோயிலுக்கு வெளியே கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஜனங்களுக்குக் காளையை மலை சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன், காளை அடி அண்ணாமலை தாண்டி வருகிறது, தவிட்டில் வாய் வைக்கிறது, வைக்கவில்லை, ஜனங்கள் சிரிக்கிறார்கள், பின்னாலிருந்து குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன், காசி இல்லை. பம்புசெட்டுப் பக்கம் போயிருப்பாள் என்று… அப்படித்தானே நினைத்தேன்? நினைத்தேனா, நினைத்ததாக வைத்துக்கொண்டேனா?

கைத்துணை என்று எங்கள் ஊரில் ஒன்று உண்டு, வேறு எந்த ஊரிலும் கேட்டதில்லை. ராஜாக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஏதோ ஒரு படைக்குப் பயந்து அம்மனைக் கிணற்றில் இறக்கிவிட்டு ஊர் ஓடிவிட்டது, இறக்கினவர்கள் திரும்பவில்லை, கிணறு தூர்ந்துபோயிற்று, எத்தனை தலைமுறை அவள் சேற்றுக்குள் தனியாக நின்றாளோ, பிற்பாடு எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி தூர் வார இறங்கினபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு கை அவள் கையைப் பிடித்ததாம், மேலே ஏறும்வரை விடவில்லையாம். இது நான் கட்டின கதை இல்லை, நான் கட்டியிருந்தால் கிணற்றில் ஒரு முதலையாவது வைத்திருப்பேன். அன்றையிலிருந்து கருவறையை விட்டு வெளியே வந்தால் அம்மனுக்குத் தனியாக இருக்கப் பயம், இடுப்புக்குக் கீழே தொங்குகிற அந்த இடது கையை எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், உலாவோ திருமஞ்சனமோ, வழியில் மழைக்கு ஒதுங்கினாலும் கூட. பிடித்துப் பிடித்து அம்மனின் விரல்கள் சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிவிட்டன. துணை இருக்கிறவளை அந்த நேரத்துக்கு ஆளாகக் கணக்கு வைப்பதில்லை, அதுதான் முறை. பந்தியில் அவளுக்கு இலை கிடையாது, யாரும் அவளோடு பேசமாட்டோம், அவள் தும்மினால் அம்மன் தும்மினாள் என்போம். ஒரு தரம் உலாவின்போது சாவியை எங்கே வைத்தாய் என்று துணை இருந்த காசியை நான் கேட்கப்போய் ஊரே என்னை முறைத்தது, அம்மனிடம் போய்ச் சாவி கேட்கிறானே என்று. அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. யாரும் இல்லீங்க, அம்மனைத் தவிர… ஆதிமூலம் பொய் சொல்லவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

புளி போட்டுத் துலக்கும்போது அவன்தான் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தான், இடது மணிக்கட்டைச் சுற்றி மயிரிழையாக ஒரு வெடிப்பு. கை விழுந்துவிட்டால் அம்மன் பின்னமாகிவிடுவாள், பின்னமானவளுக்குப் பூசை கிடையாது. கொல்லர் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் சொல்கிறேன் என்றார், ஆசாரி கொஞ்சம் அரம் போட்டுப் பார்க்கலாம் என்றார், விஷயம் எப்படியோ மியூசியத்துக்குப் போய்ச் சக்கரபாணி வந்து இறங்கினார், அரம் என்ற பேச்சைக் கேட்டதும் அவரை யாரோ அராவின மாதிரி துள்ளினார். ஒரு ஊசிமுனைகூடப் படக் கூடாதுங்க, தொடாமலே உள்ளே பார்க்கிற வழி இப்போது இருக்கிறது, கோடு மேலோடு நின்றிருந்தால் உங்கள் அம்மன் உங்களோடு, உள்ளே முழுக்க ஓடியிருந்தால் மெட்ராஸுக்கு எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்துவிடுவோம் என்றார். நல்ல மனுஷர், சிலையைப் பார்க்கும்போது அவர் முகம் பசித்தவன் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. கூட்டத்தில் காசி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அங்க ராத்திரில அவ கூட யாருங்க இருப்பாங்க?”

“கண்ணாடிப் பெட்டிம்மா. வெளிய பூட்டிடுவோம். யாரும் கிட்ட வர முடியாது.”

அவர் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். காசி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அவள் பேசாமலிருந்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்து என்ன.

இன்று காலை கலீல் ரஹ்மான் ஜீப்பில் அந்தப் பெட்டியோடு வந்தார், ஆம்பூர்க்காரர், பாய்லர் ஒட்டுகளைப் படம் பிடிக்கிற வேலையாம், பெட்டி டிபன் கேரியர் உயரம்தான், தூக்குவதற்கு இரண்டு ஆள், முழுக்க ஈயம். எக்ஸ்ரேதான் தேரடியிலேயே இருக்கிறதே என்று கேட்டேன். “அது சதைக்கு உண்டான மிசினு பெரியவரே, வெங்கலத்துக்கிட்ட வந்தா நின்னுடும். இது பவரு ஜாஸ்தி.” உள்ளே மிளகு அளவுக்கு ஒரு சரக்கு, அது பெட்டிக்குள் இருக்கிறவரை சாது, கம்பியால் தள்ளி வெளியே விட்டால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், வெங்கலத்தைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்னால் கறுப்பு உறையில் இருக்கிற பிலிமில் விழும். ஒரு பட்டறையில் வெல்டர் ஒருத்தர் கீழே கிடந்த அந்த மிளகை ஏதோ ஆணி என்று டவுசர் பையில் போட்டுக்கொண்டு போனாராம், தொடை போய்விட்டதாம். கலீல் இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, கதையில் முதலை இல்லாவிட்டால் நிஜம் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே போய்க் காசியிடம் சொல்லியிருக்கலாம். வெல்டர், பை, தொடை, மூன்றே வார்த்தை. ஆனால் எனக்கு எதையும் அப்படியே சொல்லி வழக்கமில்லையே… “அது வேற ஒண்ணும் இல்லமே, நம்ம மலை ஆதியில அக்கினியாத்தானே நின்னுது, அதுல மிளகளவு கிள்ளி ஈயத்துல அடச்சிகினு வந்திருக்காங்க, மலை நெருப்பு, கிட்டப் போனா ஆள் சாம்பல்” என்றேன். காசி அடுப்பிலிருந்து திரும்பாமலே, “கதை வுடாத” என்றாள்.

அம்மனை மண்டபத்தில் நிறுத்தினார்கள், நகைகளைக் கழற்றினார்கள், சேலையை அவிழ்க்கமாட்டேன் என்று ஆதிமூலம் அழிச்சாட்டியம் செய்தான், சேலை இருக்கட்டும் சாமி, சேலை இந்த வெளிச்சத்துக்குக் காத்து மாதிரி, இரும்பு வெள்ளி தங்கம்தான் கூடாது என்றார் கலீல். அதைக் கேட்டு ஆதிமூலத்தின் முகம் போன போக்கு, சேலையைத் தாண்டிப் பார்க்கிற வெளிச்சத்தின் முன்னால் பெண்பிள்ளையைத் தனியாக நிறுத்திவிட்டு வருகிறோமே என்று. அப்புறம் எல்லாரும் வெளியே போங்க என்றார். எல்லாரும் வெளியே போங்க… இதே வார்த்தை. எங்கள் மகள் பொன்னிக்கு நெஞ்சில் சளி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது படம் எடுக்கிற அறை வாசலில் இதே வார்த்தை, படம் எடுத்து முடித்து வார்டில் போட்ட பிறகும் ராத்திரி யாரும் கூட இருக்கக் கூடாது, சட்டம், விடிந்ததும் வாங்க என்றார்கள். விடிந்ததும் போனோம். கட்டிலுக்கு வெளியே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது, விரலெல்லாம் விரித்து. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்கப்புறம் நான் முன்னைவிட ஜாஸ்தியாகக் கதை சொல்ல ஆரம்பித்தேன், அவள் முன்னைவிடக் கம்மியாகப் பேச ஆரம்பித்தாள், ஒரு வீட்டில் சத்தம் மொத்தத்தில் அதே அளவுதான் இருக்க வேண்டும்போல.

கயிறு கட்டினார்கள், கயிற்றில் சிவப்புத் துணி, கலீல் ஜீப்புக்குப் பின்னாலிருந்து கைப்பிடியைச் சுற்றினார், கையிலிருந்த மீட்டர் பல்லி மாதிரி கத்த ஆரம்பித்தது. “சரக்கு பழசு, பவரு கம்மியாயிடிச்சி, அதான் நேரம் புடிக்கும்” என்றார். நேரம் பிடித்தது. மண்டபத்துக்குப் பின்னால் மடைப்பள்ளி, மடைப்பள்ளிக்குப் பின்வாசல், பின்வாசலுக்கு ஆதிமூலம்தான் தாழ்ப்பாள். உள்ளே யாராச்சும் இருக்காங்களா? அம்மனைத் தவிர யாரும் இல்லீங்க. நான் கதையில் காளையை ஓட்டிக்கொண்டு போனேன். முடிந்து, சரக்கைப் பெட்டிக்குள் இழுத்து, மீட்டர் ஓய்ந்து, எல்லாரும் உள்ளே ஓடினபோது மண்டபத்தில் அம்மன் மட்டும்தான் நின்றாள், சேலை கலையாமல். கொஞ்சம் கழித்துக் காசி கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள்… கேட்டுவிடலாம். பெஞ்சில் ஒரு முழம் தள்ளித்தானே இருக்கிறாள், கேட்டால் என்ன.

“காலைல எங்கமே போயிருந்த?”

“பம்புசெட்டுக்கு.”

“காலைல கரண்டே இல்லயே.”

“கரண்டு இல்லன்னா பம்புசெட்டு எழுந்து ஓடிப்பூடுமா?” என்று சொல்லிவிட்டு ஒரு கடலையை உடைத்தாள். கையைப் பார்க்கிறேன், சிவப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சாதாரணமான வேலை செய்த கை, இரண்டு மணிக்கட்டிலும் அவள் அம்மா போட்ட வெள்ளிக் காப்பு, கயிறு முறுக்கின மாதிரி செய்தது, விரல் கனம், கை தடித்துப்போனதால் இனிமேல் கழற்ற முடியாது. பட்டால் உடனே தெரியுமா என்று கலீலிடம் பேச்சுவாக்கில் கேட்டுவைத்திருந்தேன். “சில பேருக்குப் பத்து நாள்ல, சில பேருக்குப் பத்து வருசத்துல, சில பேருக்குத் தெரியாமயே பூடும். அதான் பெரியவரே அதுல கஷ்டம், சண்டைக்கு வர்றவன் மாதிரி முன்னாடி வந்து நிக்காது.”

பச்சைக் கதவு திறந்தது. கலீல் பிலிமை ஓரத்தில் பிடித்துக்கொண்டு வந்து வெளிச்சப் பலகையில் செருகினார், சக்கரபாணி பேப்பரைக் கீழே விட்டுவிட்டு ஓடினார், நானும் எழுந்து போனேன், காசி எழவில்லை. ஒரே கறுப்பு. நடுவில் வெளேரென்று அம்மனின் கை, கல் போன்ற வெள்ளை, அதற்குள் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள், வார்த்தபோது புகுந்த காற்று, எந்த ராஜா காலத்துக் காற்றோ, இன்னும் வெளியே வராமல். சக்கரபாணி மூக்கு ஒட்டுகிற மாதிரி பார்த்தார். “மேலோட கீறல்தான். தோல்ல நின்னுடுச்சு. உள்ள கெட்டியா இருக்கா பெரியவரே, கெட்டியா இருக்கா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார், முதல் பிள்ளை பிறந்தவர் மாதிரி. அம்மன் எங்களோடு. திரும்பிக் காசியைப் பார்த்தேன், அவள் கடலையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், படத்தை எடுத்து உறையில் போடுங்கள், வீட்டுக்குப் போகலாம், போதும்…

“சார், இது இன்னா?” என்றார் கலீல்.

பிலிமின் ஓரத்தில், கறுப்புக்குள் கறுப்பாக, ஆனால் கொஞ்சம் வெளுத்து, ஒரு பாதி வளையம். அம்மனின் மழுங்கின விரல்களிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இருக்காது. கலீல் பலகையின் பின்னால் இன்னொரு விளக்கைப் பிடித்தார், வளையம் தெளிந்தது, கயிறு முறுக்கின மாதிரி. அந்த வளையத்துக்குள் கை இல்லை, எலும்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு. சதையும் எலும்பும் இந்த வெளிச்சத்துக்குச் சேலை மாதிரிதான், காற்று மாதிரிதான், ஆள் முழுசாக உட்கார்ந்திருந்தாலும் படத்தில் ஆள் இருக்கமாட்டாள். கொஞ்சமும் கலங்காத வளையம், அசங்கவே இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல், வீட்டில் சோறு போட்டுவிட்டு ஒரு இடத்தில் உட்காராதவள்…

“நகை எல்லாம் கழட்டச் சொன்னோமே” என்றார் சக்கரபாணி. கலீல் அவரைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிப் பெஞ்சைப் பார்த்தார், அவர் முகத்தில் ரத்தம் இல்லை. காசி முந்தானையால் இரண்டு கையையும் மூடிக்கொண்டிருந்தாள்.

“அம்மனோட காப்புங்க அது” என்றேன். “சீலை மடிப்புல வெச்சிருப்பாங்க. எல்லாத்தையும் கழட்டிட்டா ஊருக்கு ஆகாது.”

“நிஜமா பெரியவரே?” என்றார் சக்கரபாணி.

“நான் எப்பங்க பொய் சொன்னேன்?”

கலீல் என் கிட்டே வந்தார், குரலை இறக்கினார், வயசில் என் பிள்ளை மாதிரி இருப்பார், கண் கெஞ்சுகிறது. “இதோ பாருங்க, எனக்கு வேலை போனாலும் பரவால்ல. ஆள் கையா இருந்தா இப்பவே சொல்லுங்க. இப்பவே ஜீப்புல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ரத்தம் பாக்கணும், வார்டுல வெச்சிப் பாப்பாங்க. ஆள் இருந்தாங்களா?”

ஆஸ்பத்திரி. வார்டு. எப்போது எழுந்து வந்தாள் தெரியவில்லை, பின்னாலிருந்து காசியின் கை என் சட்டை நுனியைப் பிடித்தது, இழுக்கவில்லை, பிடித்தது, அவ்வளவுதான். வாயில் எத்தனை கதை வைத்திருப்பவன் நான், ஒரு கிணறு, ஒரு காளை, ஒரு மாமா, ஒன்றுகூட வரவில்லை, வந்தது ஆதிமூலத்தின் வாக்கியம்தான், பல்லிடுக்கில் காலையிலிருந்து மாட்டிக்கொண்டிருந்தது தானாகக் கழன்று விழுந்தது.

“அம்மனைத் தவிர யாரும் இல்லீங்க.”

எங்கள் ஊர்க் கணக்குப்படி அது நிஜம். சக்கரபாணி பெருமூச்சு விட்டு பிலிமை உறையில் போட்டார். கலீல் காசியைப் பார்க்காமல் வெளியே போய் ஜீப்பில் உட்கார்ந்தார்.

நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். தேரடி வெயில், கோபுரத்துக்குப் பின்னால் மலை, எதுவும் நடக்காத மாதிரி. படத்தில் ஒரு காப்புதானே இருந்தது, அவளுக்கு இரண்டு, இன்னொரு கை எங்கே இருந்தது, அம்மனின் வெள்ளைக்குப் பின்னாலா, அப்படியானால் அம்மன் மறைத்திருப்பாள், இல்லை பிலிமுக்கு வெளியே அந்தக் கறுப்பிலா, நெஞ்சு எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம், தூங்கும்போதுகூடக் கதவைப் பார்த்துப் படுக்கிறவள்… காசி நின்றாள். மலையை அண்ணாந்து பார்த்தாள்.

“நீ சொன்னியே, இதுல கிள்ளினதுன்னு.”

“ம்.”

“சுடவே இல்ல. நம்ம மலைதானே, நம்மள இன்னா செய்யும்.”

கதை வுடாத என்று அவள் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில், இத்தனை கதையில், இந்த ஒன்றை நம்பியிருக்கிறாள்… உரித்த கடலையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கை சூடாக இருந்தது. வெயில்தான், கொஞ்ச தூரமாக வெயிலில்தானே வருகிறோம், வெயிலாகத்தான் இருக்க வேண்டும்…